பிரித்தானியக் கடல்கடந்த ஆட்புலக் குடியுரிமை

பிரித்தானியக் கடல்கடந்த ஆட்புலக் குடியுரிமை என்பது, ஐக்கிய இராச்சியத்தின் இறைமைக்கு உட்பட்டிருந்தும் அந்நாட்டின் பகுதியாக அமையாத நிலப்பகுதிகளோடு தொடர்புடைய மக்களுக்கு உரிய ஒரு நாட்டுரிமை வகை ஆகும். இந்நிலப்பகுதிகள் கடல்கடந்த ஆட்புலங்கள் என அழைக்கப்படுகின்றன. பெர்மியுடா, கேமன் தீவுகள், ஜிப்ரால்ட்டர், போக்லாந்து தீவுகள், சென் எலனா, மொன்செராட், அங்கியுலா ஆகியன இவற்றுட் சில. 2025 ஆம் ஆண்டு நிலவரப்படி இத்தகைய ஆட்புலங்கள் 14 உள்ளன. இவற்றில் வாழும் மக்களின் மொத்தத் தொகை சுமார் இரண்டரை இலட்சம் ஆகும். சில ஆட்புலங்களில் நிலையான குடிகள் எவரும் இல்லை.

இக்குடியுரிமை 1981 ஆம் ஆண்டின் பிரித்தானிய நாட்டுரிமைச் சட்டத்தினால் உருவாக்கப்பட்டு, 1983 ஜனவரி 1 இல் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் இது பிரித்தானியச் சார்பு ஆட்புலக் குடியுரிமை எனப்பட்டது. 2002 பெப்ரவரி 26 முதல் தற்போதைய பெயரைப் பெற்றது.

இக்குடியுரிமை உடைய ஒருவர் பிரித்தானிய நாட்டவர் ஆவார். அவர் பெறும் கடவுச்சீட்டும் பிரித்தானியக் கடவுச்சீட்டே. ஆயினும், இக்குடியுரிமையை மட்டும் உடைய ஒருவருக்கு ஐக்கிய இராச்சியத்தில் குடியேறி வாழும் உரிமை கிடையாது. தமது சொந்த ஆட்புலத்தில் வாழும் உரிமையையும் இக்குடியுரிமை தானாகத் தருவதில்லை; அவ்வுரிமை அந்தந்த ஆட்புலத்தின் உள்ளூர்ச் சட்டங்களினால் தீர்மானிக்கப்படுகிறது. 2002 ஆம் ஆண்டில் இக்குடியுரிமை உடையோரில் ஏறக்குறைய அனைவருக்கும் முழுப் பிரித்தானியக் குடியுரிமையும் வழங்கப்பட்டதனால் இக்குறைபாடு பெருமளவு நீங்கியது. எனினும் அது முற்றாக நீங்கிவிடவில்லை.

அடிப்படைக் கருத்துருக்கள்

பொதுவாக ஒரு நாட்டின் குடிமகன் அந்நாட்டில் வாழலாம், அந்நாட்டுக் கடவுச்சீட்டைப் பெறலாம், வெளிநாடு சென்றால் திரும்பி வரலாம். இவை அனைத்தும் ஒன்றோடொன்று பிணைந்தவையாகவே கருதப்படுகின்றன. பிரித்தானியச் சட்டத்தில் இவை வெவ்வேறானவை. ஆட்புலங்களின் மக்களுடைய நிலையைப் புரிந்துகொள்வதற்குப் பின்வரும் மூன்றையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

நாட்டுரிமை: ஒருவர் எந்த அரசுக்கு உரியவர் என்பதைக் குறிப்பது. வெளிநாட்டில் இடர் நேரும்போது எந்த அரசின் தூதரகம் அவருக்கு உதவவேண்டும் என்பதை இது தீர்மானிக்கிறது.

வதிவுரிமை: ஒரு நிலப்பகுதிக்குள் தடையின்றி நுழைவதற்கும், கால வரையறையின்றி வாழ்வதற்கும், தொழில் செய்வதற்கும் உள்ள உரிமை.

கடவுச்சீட்டு: ஒருவருடைய அடையாளத்தையும் நாட்டுரிமையையும் பிற நாடுகளுக்குச் சான்றுப்படுத்தும் பயண ஆவணம். இது உரிமைக்குச் சான்றாக அமைவதேயன்றி, தானே உரிமையை உண்டாக்குவதில்லை.

முதலாவதும் மூன்றாவதும் இருந்தும் இரண்டாவது இல்லாத நிலையே 1983 முதல் 2002 வரை ஆட்புல மக்களுள் பெரும்பாலோரின் நிலையாக இருந்தது.

வரலாறு

பொதுவான குடியுரிமைக் காலம்

1948 ஆம் ஆண்டின் பிரித்தானிய நாட்டுரிமைச் சட்டம் 1949 ஜனவரி 1 இல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டம் "ஐக்கிய இராச்சியத்தினதும் குடியேற்றங்களினதும் குடிமக்கள்" என்ற ஒரே வகையை ஏற்படுத்தியது. இலண்டனில் பிறந்தவரும், ஆங்காங்கில் பிறந்தவரும், சென் எலனாவில் பிறந்தவரும் இவ்வகையினுள் அடங்கினர். அவர்கள் யாவரும் ஐக்கிய இராச்சியத்துக்குள் தடையின்றி நுழையலாம்.

குடியேற்றங்களிலிருந்தும் விடுதலை அடைந்த நாடுகளிலிருந்தும் ஐக்கிய இராச்சியத்துக்கு வருவோர் தொகை அதிகரித்தபோது, அதனைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற அரசியல் அழுத்தம் அங்கே தோன்றியது. இதன் விளைவாக 1962, 1968 ஆம் ஆண்டுகளில் குடிவரவைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் இயற்றப்பட்டன. பின்னர் 1971 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் "வதிவுரிமை" என்ற கருத்துருவைப் புகுத்தியது. ஐக்கிய இராச்சியத்தில் பிறந்தோர், பெற்றோர் அல்லது பாட்டன் பாட்டி வழியாக அந்நாட்டோடு தொடர்புடையோர், அங்கே நீண்டகாலம் வாழ்ந்தோர் ஆகியோருக்கே இவ்வுரிமை உரியதாயிற்று. 1973 ஜனவரி 1 இல் இச்சட்டம் நடைமுறைக்கு வந்ததன் பின், குடியுரிமை ஒன்றாகவே இருந்தபோதும் அதன் பயன் இருவகைப்பட்டது.

1981 ஆம் ஆண்டுச் சட்டம்

நடைமுறையில் ஏற்பட்டிருந்த இப்பிரிவை 1981 ஆம் ஆண்டின் நாட்டுரிமைச் சட்டம் பெயரளவிலும் உறுதிப்படுத்தியது. பழைய பொதுக் குடியுரிமை மூன்றாகப் பிரிக்கப்பட்டது. அவையாவன:

1. பிரித்தானியக் குடியுரிமை – ஐக்கிய இராச்சியத்தோடு தொடர்புடையோருக்கு உரியது. வதிவுரிமை இதனோடு சேர்ந்தே வரும்.
2. பிரித்தானியச் சார்பு ஆட்புலக் குடியுரிமை – எஞ்சியிருந்த குடியேற்றங்களோடு தொடர்புடையோருக்கு உரியது.
3. பிரித்தானியக் கடல்கடந்த குடியுரிமை – முன்னாள் குடியேற்றங்களில் வாழ்ந்து, முதல் இரண்டு வகைகளிலும் அடங்காதோருக்கு உரியது.

அக்காலத்தில் இரண்டாவது வகையினுள் அடங்கியோரில் மிகப் பெரும்பாலோர் ஆங்காங்கைச் சேர்ந்தோர். 1997 இல் ஆங்காங்கின் பெரும்பகுதிக்கான குத்தகைக்காலம் முடிவடைய இருந்தது. அங்குள்ள பல இலட்சம் மக்கள் ஐக்கிய இராச்சியத்தில் குடியேற முற்படலாம் என்ற அச்சமே எல்லா ஆட்புலங்களுக்கும் ஒரே கதவை அடைத்ததற்கான முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. சில ஆயிரம் மக்களே வாழ்ந்த சென் எலனா, மொன்செராட் போன்ற தீவுகளும் இதனால் பாதிக்கப்பட்டன.

விதிவிலக்குகள்

இரண்டு ஆட்புலங்கள் இவ்விதியிலிருந்து விலக்குப் பெற்றன. அவை ஜிப்ரால்ட்டரும் போக்லாந்து தீவுகளும் ஆகும்.

1973 இல் ஐக்கிய இராச்சியம் ஐரோப்பிய சமூகத்தில் இணைந்தபோது ஜிப்ரால்ட்டரும் அதனுள் அடங்கியது. சமூகச் சட்டத்தின் நோக்கங்களுக்காக ஜிப்ரால்ட்டர் மக்கள் ஐக்கிய இராச்சிய நாட்டவராகவே கொள்ளப்பட்டனர். ஆகவே, அவர்கள் விண்ணப்பித்தால் பிரித்தானியக் குடிமக்களாகப் பதிவு செய்யப்படவேண்டும் என 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5 ஆம் பிரிவு விதித்தது.

போக்லாந்து தீவுகளை 1982 ஏப்ரல் 2 இல் அர்ஜென்டினாப் படைகள் கைப்பற்றின. அப்போது அங்கே வாழ்ந்தோர் சுமார் 1,800 பேர். ஜூன் 14 இல் போர் முடிவுற்றது. எவருடைய பாதுகாப்புக்காகப் போர் நடத்தப்பட்டதோ, அம்மக்களுள் பலருக்குப் புதிய சட்டத்தின்படி ஐக்கிய இராச்சியத்தில் வாழும் உரிமை இல்லாதிருந்தது. இந்நிலையைச் சீர்செய்ய 1983 இல் தனிச்சட்டம் ஒன்று இயற்றப்பட்டு, தீவினருக்கு 1983 ஜனவரி 1 முதலே பிரித்தானியக் குடியுரிமை இருந்ததாகக் கொள்ளப்பட்டது.

ஆங்காங்

1984 டிசம்பர் 19 இல் ஐக்கிய இராச்சியமும் சீனாவும் கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. இதன்படி ஆங்காங்குடன் தொடர்புடைய ஆட்புலக் குடியுரிமை 1997 ஜூலை 1 இல் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்னரே விண்ணப்பித்தவர்களுக்குக் "கடல்கடந்த பிரித்தானிய நாட்டவர்" என்ற புதிய தகுதி 1987 முதல் வழங்கப்பட்டது. இத்தகுதி உடையோருக்குக் கடவுச்சீட்டு உண்டு, வதிவுரிமை இல்லை. இதனைப் பிள்ளைகளுக்கு வழிவழியாக அளிக்கவும் இயலாது.

1990 ஆம் ஆண்டின் ஒரு சட்டம் 50,000 குடும்பத் தலைவர்களுக்கும் அவர்களுடைய வாழ்க்கைத் துணைவர், பிள்ளைகள் ஆகியோருக்கும் முழுக் குடியுரிமை வழங்க வழிவகுத்தது. ஆங்காங்கில் தலைமுறைகளாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினர் முதலிய சிறுபான்மையினர் சீன இனத்தவர் அல்லர் என்பதனால் சீன நாட்டுரிமையைப் பெறமாட்டார்கள். வேறு நாட்டுரிமை இல்லாத இவர்கள் பிரித்தானியக் குடிமக்களாகப் பதிவு செய்துகொள்ள 1997 இல் மற்றொரு சட்டம் இடமளித்தது. ஏனையோர் வதிவுரிமையின்றியே இருந்தனர். 2021 ஜனவரி 31 முதல் கடல்கடந்த பிரித்தானிய நாட்டவரும் அவர்தம் குடும்பத்தினரும் ஐக்கிய இராச்சியத்தில் குடியேறி, காலப்போக்கில் குடியுரிமை பெறுவதற்கான நுழைவிசைவு (விசா) வழங்கப்படலாயிற்று. அதே நாள் முதல் அக்கடவுச்சீட்டைப் பயண ஆவணமாக ஏற்பதில்லை எனச் சீனா அறிவித்தது.

மொன்செராட் எரிமலை

வதிவுரிமை இல்லாத குடியுரிமையின் விளைவு கரிபியன் தீவாகிய மொன்செராட்டில் வெளிப்பட்டது. 1995 ஜூலையில் அங்குள்ள சூஃப்ரியர் குன்று எரிமலை சீறத் தொடங்கியது. தலைநகர் பிளிமத் கைவிடப்பட்டுப் பின்னர் சாம்பலிலும் சேற்றிலும் புதையுண்டது. 1997 ஜூன் 25 இல் நிகழ்ந்த வெடிப்பில் 19 பேர் உயிரிழந்தனர். தீவின் தென்பகுதி மக்கள் வாழத்தகாத இடமாயிற்று. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மக்கள் தீவை விட்டு வெளியேறினர்.

இம்மக்கள் பிரித்தானிய நாட்டவராக இருந்தும் ஐக்கிய இராச்சியத்துக்கு உரிமையோடு செல்ல இயலவில்லை. 1996 இல் அவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் தங்குவதற்கான தற்காலிக அனுமதியே வழங்கப்பட்டது. திரும்பிச் செல்ல வீடோ ஊரோ இல்லாத நிலையில், 1998 இல் கால வரையறையற்ற அனுமதி அளிக்கப்பட்டது. இரண்டுமே அரசு மனமுவந்து அளித்த சலுகைகளே அன்றிக் குடியுரிமையினால் கிடைத்தவை அல்ல.

சென் எலனாவின் கோரிக்கை

தென் அத்திலாந்திக் பெருங்கடலில் உள்ள சென் எலனாவில் சுமார் 4,500 பேர் வாழ்கின்றனர். 1673 இல் இரண்டாம் சார்லசு மன்னர் அளித்த பட்டயம், அத்தீவில் பிறந்தோர் இங்கிலாந்தில் பிறந்தோரைப் போன்றே உரிமைகளை உடையவர் எனக் கூறியது. 1981 ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வாக்குறுதிக்கு மாறானது என்று தீவினர் வாதிட்டனர். 1992 இல் அத்தீவின் ஆங்கிலிக்கன் ஆயரின் முன்முயற்சியால் குடியுரிமைக்கான ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டு, இழந்த உரிமையை மீட்பதற்கான முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. தீவுக்கு அக்காலத்தில் வானூர்தி நிலையம் இல்லை. கப்பல் வழியாகவே போக்குவரத்து நடைபெற்றது. முறையான வானூர்திச் சேவை 2017 அக்டோபரிலேயே தொடங்கியது. தொழில்வாய்ப்புக் குறைந்த அத்தீவினருக்கு, வெளியே சென்று உழைக்கும் உரிமை வாழ்வாதாரத்தோடு தொடர்புடையதாக இருந்தது.

2002 ஆம் ஆண்டுச் சட்டம்

1997 இல் ஆங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டதன் பின், எஞ்சிய ஆட்புலங்களின் மக்கள்தொகை மிகச் சிறியதாயிற்று. 1999 மார்ச்சில் ஐக்கிய இராச்சிய அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஆட்புல மக்களுக்குப் பிரித்தானியக் குடியுரிமை வழங்க முன்மொழிந்தது. இதன்படி இயற்றப்பட்ட பிரித்தானியக் கடல்கடந்த ஆட்புலங்கள் சட்டம் 2002 பெப்ரவரி 26 இல் அரச ஒப்புதல் பெற்றது.

இச்சட்டத்தின் குடியுரிமை விதிகள் 2002 மே 21 இல் நடைமுறைக்கு வந்தன. சென் எலனா கண்டறியப்பட்டதன் 500 ஆவது ஆண்டு நிறைவு நாளும் அதுவே ஆகும். அந்நாளில் ஆட்புலக் குடிமக்களாக இருந்த அனைவரும் தாமாகவே பிரித்தானியக் குடிமக்களும் ஆயினர். சைப்பிரசில் உள்ள அக்ரோத்திரி, தெக்கேலியா ஆகிய படைத்தளப் பகுதிகளுடன் மட்டும் தொடர்புடையோர் இதனின்றும் விலக்கப்பட்டனர். பழைய குடியுரிமை நீக்கப்படவில்லை. எனவே, பெரும்பாலான ஆட்புல மக்கள் இன்று இரண்டு குடியுரிமைகளையும் ஒருங்கே உடையவர்கள்.

குடியுரிமை பெறும் வழிகள்

ஆட்புலக் குடியுரிமையைப் பின்வரும் வழிகளிற் பெறலாம்.

பிறப்பு: 1983 ஜனவரி 1 முதல், ஆட்புலத்தில் பிறந்தமை மட்டும் போதுமானதன்று. பெற்றோரில் ஒருவர் ஆட்புலக் குடியுரிமை உடையவராகவோ ஆட்புலத்தில் நிலையாகக் குடியேறியவராகவோ இருத்தல் வேண்டும்.

வம்சாவளி: ஆட்புலங்களுக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு, வம்சாவளியினாலன்றி வேறு வழியில் இக்குடியுரிமையைப் பெற்ற தாய் அல்லது தந்தை வழியாக இது கிடைக்கும். பொதுவாக இவ்வுரிமை ஒரு தலைமுறையோடு நின்றுவிடும்.

விண்ணப்பம்: ஆட்புலத்தில் குறித்த காலம் வாழ்ந்த வெளிநாட்டவர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம். இதற்கான அதிகாரம் ஆட்புலத்தின் ஆளுநரிடம் உள்ளது. 2002 மே 21 க்குப் பின்னர் இவ்வாறு குடியுரிமை பெற்றவர் தாமாகவே பிரித்தானியக் குடிமகன் ஆவதில்லை. அதற்கெனத் தனியே பதிவு செய்யவேண்டும்.

பழைய சட்டங்களில் தாய் வழியாக நாட்டுரிமை செல்வதில்லை. மணமாகாத தந்தை வழியாகவும் செல்வதில்லை. இவ்விரு பாகுபாடுகளும் ஐக்கிய இராச்சியத்தோடு தொடர்புடையோருக்கு முன்னரே திருத்தப்பட்டுவிட்டன. ஆட்புலங்களோடு தொடர்புடையோருக்கு 2022 ஆம் ஆண்டின் நாட்டுரிமை மற்றும் எல்லைகள் சட்டத்தினாலேயே திருத்தப்பட்டன.

கடவுச்சீட்டு

இரு குடியுரிமைகளையும் உடைய ஒருவர் இரண்டு வகையான கடவுச்சீட்டுகளையும் பெறலாம். இரண்டும் பிரித்தானியக் கடவுச்சீட்டுகளே. எனினும் அவற்றின் உள்ளடக்கம் வேறுபடும். பிரித்தானியக் குடிமகனின் கடவுச்சீட்டில் நாட்டுரிமைக் குறியீடாக "ஜிபிஆர்" என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். ஆட்புலக் குடிமகனின் கடவுச்சீட்டில் "ஜிபிடி" என்று இருக்கும். கடல்கடந்த பிரித்தானிய நாட்டவருக்கு "ஜிபிஎன்" என்ற குறியீடு உண்டு. எல்லைச் சாவடியில் இயந்திரம் படிப்பது இக்குறியீட்டையே. ஆதலால் ஒரே மனிதர் எந்தக் கடவுச்சீட்டைக் காட்டுகிறார் என்பதைப் பொறுத்து வெவ்வேறு விதிகளுக்கு உட்படலாம்.

பயண உரிமைகள்

ஐக்கிய இராச்சியம்: ஆட்புலக் கடவுச்சீட்டை மட்டும் உடையவர் நுழைவிசைவு இன்றி ஆறு மாதம் வரை பார்வையாளராகச் செல்லலாம். வெளிநாட்டவருக்கு அண்மையில் விதிக்கப்பட்ட மின்னணுப் பயண அனுமதியும் இவருக்குத் தேவையில்லை. ஆயினும் வாழவோ தொழில் செய்யவோ விரும்பினால், பிரித்தானியக் குடியுரிமை அல்லது தனி அனுமதி வேண்டும். சட்டப்படி அங்கே வாழும் ஆட்புலக் குடிமக்கள் பொதுநலவாயக் குடிமக்கள் என்ற முறையில் தேர்தல்களில் வாக்களிக்கலாம். ஆனால் ஆட்புலங்களுக்கு ஐக்கிய இராச்சிய நாடாளுமன்றத்தில் உறுப்பினர் எவரும் இல்லை. நாட்டுரிமைச் சட்டத்தை இயற்றும் அதிகாரம் அந்நாடாளுமன்றத்துக்கே உரியது.

ஐக்கிய அமெரிக்கா: நுழைவிசைவு விலக்குத் திட்டம், ஐக்கிய இராச்சியத்தில் நிலையான வதிவுரிமை உடைய பிரித்தானியக் குடிமக்களுக்கே பொருந்தும். ஆட்புலக் குடிமக்களுக்குத் தனி விதிகள் உள்ளன. பெர்மியுடாவினர் பொதுவாக நுழைவிசைவு இன்றிச் செல்லலாம். கேமன் தீவுகள், துர்க்கு கைக்கோசு தீவுகள் ஆகியவற்றைச் சேர்ந்தோர் தம் தீவிலிருந்து நேரடியாகப் பயணம் செய்து, குற்றப்பதிவு இல்லை என்பதற்கான சான்றிதழையும் காட்டினால் நுழைவிசைவு இன்றி அனுமதிக்கப்படுவர். அதே மனிதர் வேறொரு நாட்டின் வழியாகச் சென்றால் இச்சலுகை பொருந்தாது.

ஐரோப்பா: செங்கன் நாடுகளுக்குக் குறுகிய காலப் பயணம் மேற்கொள்ளும் ஆட்புலக் குடிமக்களுக்கு நுழைவிசைவு தேவையில்லை என 2014 இல் ஐரோப்பிய ஒன்றிய விதி திருத்தப்பட்டது. 2002 முதல் பிரித்தானியக் குடியுரிமையும் பெற்றிருந்தோர் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வாழவும் தொழில் செய்யவும் உரிமை உடையவராய் இருந்தனர். ஐக்கிய இராச்சியம் ஒன்றியத்திலிருந்து விலகியதை அடுத்து, 2020 டிசம்பர் 31 உடன் இவ்வுரிமை முடிவுற்றது.

இவ்விலகலினால் நேரடியாகப் பாதிக்கப்பட்ட ஆட்புலம் ஜிப்ரால்ட்டர் ஆகும். இசுப்பெயினுடன் நில எல்லை கொண்ட இப்பகுதிக்கு நாள்தோறும் சுமார் 15,000 பேர் எல்லை கடந்து வேலைக்கு வருகின்றனர். 2016 ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் ஜிப்ரால்ட்டரில் வாக்களித்தோரில் 96 விழுக்காட்டினர் ஒன்றியத்திலேயே நீடிக்க விரும்பினர். நில எல்லைச் சோதனைகளை நீக்குவது தொடர்பான அரசியல் உடன்பாடு 2025 ஜூன் 11 இல் எட்டப்பட்டது.

சொந்த ஆட்புலத்தில் வாழும் உரிமை

ஆட்புலங்கள் ஒவ்வொன்றும் தனக்கெனக் குடிவரவுச் சட்டங்களை உடையது. எவர் அங்கே தடையின்றி வாழலாம், தொழில் செய்யலாம், வாக்களிக்கலாம், நிலம் வாங்கலாம் என்பன இச்சட்டங்களின்படியே அமையும். அங்கியுலா, மொன்செராட், பிரித்தானியக் கன்னித் தீவுகள் ஆகியவற்றில் இத்தகுதி "பிலாங்கர்" தகுதி எனப்படுகிறது. அவ்விடத்துக்கு உரியவர் என்பது இதன் பொருள். பெர்மியுடாவில் இது பெர்மியுடியர் தகுதி என்றும், கேமன் தீவுகளில் கேமனியர் தகுதி என்றும் பெயர் பெறும்.

இத்தகுதியும் ஆட்புலக் குடியுரிமையும் ஒன்றல்ல. குடியுரிமை ஐக்கிய இராச்சியச் சட்டத்தின்பாற்பட்டது; இத்தகுதி உள்ளூர்ச் சட்டத்தின்பாற்பட்டது. ஒருவர் ஒன்றை உடையவராகவும் மற்றொன்று இல்லாதவராகவும் இருத்தல் கூடும். அவ்வாறே, ஒரு ஆட்புலத்தின் குடிமகனுக்கு மற்றொரு ஆட்புலத்தில் வாழும் உரிமை கிடையாது.

2002 ஆம் ஆண்டின் ஏற்பாடு ஒருவழிப்பட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது. ஆட்புல மக்கள் ஐக்கிய இராச்சியத்தில் வாழலாம். ஆனால் ஐக்கிய இராச்சிய மக்கள் ஆட்புலங்களில் விரும்பியவாறு குடியேற இயலாது. 2019 இல் ஐக்கிய இராச்சியப் பொதுச்சபையின் வெளிநாட்டலுவல்கள் குழு, இத்தகைய உள்ளூர்த் தகுதிகளை நீக்கவேண்டும் எனப் பரிந்துரைத்தது. ஆட்புல அரசுகள் இதனை எதிர்த்தன. சில ஆயிரம் பேரே வாழும் ஒரு தீவில் வெளியார் தடையின்றிக் குடியேறினால், தீவினர் தம் சொந்த மண்ணிலேயே சிறுபான்மையினராக நேரிடும் என்பது ஆட்புலங்களின் தரப்பில் கூறப்படும் காரணமாகும். மறுபுறம், பல ஆண்டுகள் அங்கே உழைத்தும் வாக்குரிமை பெறாதோர் உள்ளனர் என்பது எதிர்த்தரப்பின் வாதமாகும்.

சாகோசு தீவினர்

நாட்டுரிமையும் வதிவுரிமையும் முற்றாகப் பிரிந்து நிற்பதற்கு இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோசு தீவுகள் எடுத்துக்காட்டாகும். இத்தீவுகள் 1965 நவம்பர் 8 இல் மொரீசியசிலிருந்து பிரிக்கப்பட்டு, பிரித்தானிய இந்தியப் பெருங்கடல் ஆட்புலம் என்ற பெயரில் தனி ஆட்புலமாக்கப்பட்டன. டியேகோ கார்சியாத் தீவில் ஐக்கிய அமெரிக்கப் படைத்தளம் அமைக்க 1966 இல் உடன்பாடு ஏற்பட்டது. இதற்காக 1967 க்கும் 1973 க்கும் இடையில் தீவினர் அனைவரும் வெளியேற்றப்பட்டு, மொரீசியசிலும் சீசெல்சிலும் விடப்பட்டனர். வெளியேற்றப்பட்டோர் 1,500 முதல் 2,000 வரை எனக் கணக்கிடப்படுகிறது. 1971 ஆம் ஆண்டின் குடிவரவுக் கட்டளை, அனுமதியின்றி எவரும் தீவுகளுக்குள் நுழைவதைத் தடைசெய்தது.

தீவுகளில் பிறந்தோர் பிரித்தானிய நாட்டுரிமையை இழக்கவில்லை. ஆனால் அவர்கள் எந்த ஆட்புலத்தின் குடிமக்களோ, அங்கே கால்வைக்கும் உரிமை அவர்களுக்கு இல்லாமற்போனது. 2000 நவம்பரில் இலண்டன் உயர் நீதிமன்றம் இக்கட்டளை சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. 2004 இல் ஐக்கிய இராச்சிய அரசு அரசவை ஆணைகளின் மூலம் தடையை மீண்டும் ஏற்படுத்தியது. 2008 அக்டோபர் 22 இல் பிரபுக்கள் அவையின் நீதிபதிகள் ஐவரில் மூவர் அவ்வாணைகள் செல்லும் எனத் தீர்ப்பளித்தனர்.

நாட்டுரிமையிலும் சிக்கல் ஏற்பட்டது. வம்சாவளி உரிமை ஒரு தலைமுறையோடு நிற்பதால், நாடுகடத்தலில் பிறந்தோரின் பிள்ளைகள் அதனை இழந்தனர். 2002 ஆம் ஆண்டுச் சட்டம், 1969 ஏப்ரல் 26 முதல் 1982 இறுதி வரை தீவுகளுக்கு வெளியே சாகோசுத் தாய்மாருக்குப் பிறந்தோருக்குக் குடியுரிமை வழங்கியது. ஆனால் அத்தேதிக்கு முன் பிறந்த உடன்பிறப்புகளும், அடுத்த தலைமுறையினரும் விடுபட்டனர். இலண்டனுக்குத் தெற்கே உள்ள குரோலி நகரில் குடியேறிய சாகோசுக் குடும்பங்கள் பலவற்றில், பெற்றோர் குடிமக்களாகவும் பிள்ளைகள் நுழைவிசைவு வேண்டிய வெளிநாட்டவராகவும் இருந்தனர். தீவினர் தாமாக வெளியேறியிருந்தால் வம்சாவளி விதி பொருந்துவதில் முறை உண்டு. வெளியேற்றியது அரசே என்னும்போது அவ்விதியைப் பொருத்துவது நீதியாகாது என அவர்கள் வாதிட்டனர். 2022 ஆம் ஆண்டுச் சட்டம் இதனை ஏற்று, தீவுகளில் பிறந்தோரின் நேரடி வழித்தோன்றல்கள் அனைவரும் கட்டணமின்றிக் குடியுரிமைக்குப் பதிவு செய்ய வழிவகுத்தது. இவ்வழி 2022 நவம்பர் 23 முதல் ஐந்து ஆண்டுகளுக்குத் திறக்கப்பட்டது.

2019 பெப்ரவரி 25 இல் அனைத்துலக நீதிமன்றம், சாகோசு தீவுகளைப் பிரித்தமை சட்டப்படியானதன்று என அறிவுரைக் கருத்து வழங்கியது. 2025 மே 22 இல் ஐக்கிய இராச்சியமும் மொரீசியசும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, இறைமையை மொரீசியசுக்கு மாற்றுவதற்கும், டியேகோ கார்சியாவை 99 ஆண்டுகளுக்கு ஐக்கிய இராச்சியம் பயன்படுத்துவதற்கும் வகைசெய்கிறது. ஒப்புறுதிக்குப் பின்னரே நடைமுறைக்கு வரும் வகையில் இது அமைக்கப்பட்டது. டியேகோ கார்சியா தவிர்ந்த தீவுகளில் மக்களைக் குடியமர்த்த மொரீசியசுக்கு இதில் இடமளிக்கப்பட்டுள்ளது.

இவ்வாட்புலத்தின் தனிச் சட்டநிலை இலங்கைத் தமிழர் சிலரையும் பாதித்தது. 2021 அக்டோபரில் கடலில் இடருற்ற படகொன்றில் இருந்த இலங்கைத் தமிழர்கள் டியேகோ கார்சியாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். ஐக்கிய இராச்சியத்தின் புகலிடச் சட்டங்கள் அங்கே நடைமுறையில் இல்லாமையால், அவர்களுடைய கோரிக்கைகள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தீர்வின்றி இருந்தன. 2024 டிசம்பரில் அவர்களுட் பெரும்பாலோர் ஐக்கிய இராச்சியத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அதே மாதத்தில், அவர்கள் சட்டத்துக்கு முரணாகத் தடுத்துவைக்கப்பட்டிருந்தனர் என அவ்வாட்புலத்தின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பிற நாடுகளின் முறைகள்

பிற நாடுகள் தம் ஆட்சிக்கு உட்பட்ட பகுதிகளின் மக்களை வெவ்வேறு முறைகளில் நடத்துகின்றன. பிரெஞ்சுப் பொலினீசியா, நியூ கலிடோனியா ஆகியவற்றின் மக்கள் முழுப் பிரெஞ்சுக் குடிமக்கள் ஆவர். நெதர்லாந்து இராச்சியத்தில் அரூபா, குராசோ ஆகிய தீவினரும் ஐரோப்பிய நெதர்லாந்தினரும் ஒரே நாட்டுரிமையை உடையவர்கள். போர்த்துக்கல், மக்காவுவைச் சீனாவிடம் ஒப்படைக்கும் முன் அங்குள்ள பலருக்கு முழுக் குடியுரிமை அளித்திருந்தது. இதே காலத்தில் ஆங்காங் மக்களுக்கு வதிவுரிமை அற்ற தகுதி வழங்கப்பட்டமை இதனோடு ஒப்பிட்டுப் பேசப்படுவதுண்டு.

இதற்கு மாறான நிலை அமெரிக்க சமோவாவில் காணப்படுகிறது. அங்கே பிறந்தோர் ஐக்கிய அமெரிக்காவின் "நாட்டவர்" ஆவர். ஆனால் "குடிமக்கள்" அல்லர். அவர்களுடைய கடவுச்சீட்டிலும் இவ்வாறே குறிக்கப்படுகிறது. அவர்கள் ஐக்கிய அமெரிக்காவில் தடையின்றி வாழவும் தொழில் செய்யவும் இயலும். எனினும், அங்கே குடியேறிய பின்னரும் குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் பெறாதவரை குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்க இயலாது. ஆட்புலக் குடியுரிமையில் பெயர் இருந்து வதிவுரிமை இல்லை. அமெரிக்க சமோவாவில் வதிவுரிமை இருந்து குடிமகன் என்னும் பெயர் இல்லை.

தற்போதைய நிலை

2002 க்குப் பின்னர் ஆட்புலக் குடியுரிமையை மட்டும் உடையோர் சிறு தொகையினரே. பிற்காலத்தில் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்று இன்னும் பதிவு செய்யாதோரும், பிரித்தானியக் குடியுரிமையைத் தாமாகத் துறந்தோரும், சைப்பிரசுப் படைத்தளங்களுடன் மட்டும் தொடர்புடையோரும் இவர்களுள் அடங்குவர். பெரும்பாலான தீவினர் இன்று ஐக்கிய இராச்சியத்துக்குச் சென்று கல்வி கற்கவும் தொழில் செய்யவும் குடியேறவும் உரிமை உடையவர்கள். இதன் மறுவிளைவாக, சென் எலனா போன்ற சிறு தீவுகளில் இளைஞர் வெளியேறுவதும், எஞ்சியோரில் முதியோர் பங்கு கூடுவதும் புதிய சிக்கலாக எழுந்துள்ளது.

இக்குடியுரிமையின் வரலாறு, ஒரே அரசின் கடவுச்சீட்டை வைத்திருப்போர் அனைவரும் ஒரே உரிமைகளை உடையவர் அல்லர் என்பதைக் காட்டுகிறது. இவ்வுரிமைகள் 1981 இல் நீக்கப்பட்டதும், 1983 இல் ஒரு தீவுக்கு மட்டும் மீளளிக்கப்பட்டதும், 2002 இல் ஏனையோருக்கு விரிவுபடுத்தப்பட்டதும் நாடாளுமன்றச் சட்டங்களினாலேயே ஆகும். அந்நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆட்புலங்களில் வாழ்வோருக்கு இல்லை.